சிவப்புக் கார்டும் நீலக் கார்டும்: கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை

கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிறவர்களில் பலர் கேத்தாம் தீவுக்குப் படகு பிடிக்கத்தான் போகிறார்கள். பிள்ளைகளுக்குப் படகு, பெரியவர்களுக்கு மீன் சாப்பாடு, மாலையில் வீடு திரும்பல். நல்லதுதான். ஆனால் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நாம் அந்தக் கரையில் ஐந்து நிமிடமாவது சும்மா நின்று கடலைப் பார்த்துவிட்டுப் படகேறலாம். நம் பாட்டன் பாட்டிமாரில் எத்தனையோ பேர் இந்த மண்ணில் முதல் அடி வைத்த இடங்களுள் அதுவும் ஒன்று.

1901-ஆம் ஆண்டு அந்தத் துறைமுகம் திறக்கப்பட்டபோது அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972-இல்தான் கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியவர்கள் பினாங்கைத் தொட்டு, பிறகு இங்கே வந்து இறங்கினார்கள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் சில வீடுகளில் கிழவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்படி இறங்கியவர்களை அரசாங்கத்துக் காகிதம் என்னவென்று எழுதியது தெரியுமா? இந்தியாவின் 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வேலையை இரண்டாகப் பிரித்தது. ஒன்று தொழில் தேர்ச்சி வேண்டிய வேலை. மற்றது தேர்ச்சி வேண்டாத வேலை. நிலத்தில் செய்யும் வேலை முழுவதும் இரண்டாவதில் சேர்ந்தது. 1938-இல் மலாயாவுக்கு உதவி பெற்று வரும் தொழிலாளர்களை இந்திய அரசாங்கம் நிறுத்தியபோதும், நிறுத்தப்பட்டவர்கள் 'தேர்ச்சியற்ற தொழிலாளர்' என்றே குறிக்கப்பட்டார்கள்.

பால்மரம் சீவுவது தேர்ச்சி வேண்டாத வேலையா? நம் வாசகர்களிடம் இதைக் கேட்கத் தேவையில்லை. விடியுமுன் எழுந்து, தலைவிளக்கு வெளிச்சத்தில், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த வெட்டுக்கோட்டில் உளியை இழுக்க வேண்டும். ஒரு சீவலில் போக வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. ஆழம் குறைந்தால் பால் இறங்காது. ஒரு மயிரிழை கூடினால் மரத்தின் உயிர்ப்பட்டையில் காயம் விழும், அடுத்து வளரும் பட்டை முடிச்சும் முண்டுமாகிவிடும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் ஓடி ஓடிச் செய்ய வேண்டும். இந்தக் கையளவை வாத்தியார் வேலைக்குப் பயிற்சிக் கல்லூரியில் உட்கார்ந்து நான் வாங்கிய சான்றிதழோடு ஒப்பிட்டால், எனக்குத்தான் கூச்சம் வரும். ஆனால் என் கையில் காகிதம் இருந்தது. என் அம்மாவின் கையில் உளிதான் இருந்தது.

இந்த வித்தியாசத்தை நினைத்துக்கொண்டேதான் அண்மையில் ஒரு பயணம் போய்வந்தேன். என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்த மாணவன் ஒருவன் இப்போது வெல்டர். வயது 29. நிரந்தரவாசியாக ஆஸ்திரேலியா போக விண்ணப்பம் போட வேண்டும் என்று வந்து நின்றான். "சார், நீங்க பாரத்தைப் படிச்சு சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றான். அவன் பாட்டியைப் பார்த்து அவர் காகிதங்களையும் வாங்கிக்கொண்டு, கிள்ளானில் இரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் போவது என்று ஏற்பாடு.

பாட்டி கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார். காப்பார்ப் பக்கம் தோட்டத்தில் 1943-இல் பிறந்தவர். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. அவர் தலையணைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே திருநீற்றுப் பொட்டலத்தோடு சிவப்பு அடையாளக் கார்டு. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நம் நாட்டில் நீலக் கார்டு குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு, பச்சை தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்களுக்கு. (சிங்கப்பூரில் தலைகீழ். அங்கே குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிக்குத்தான் நீலம். ஜோகூர் பாலம் தாண்டியதும் நிறத்தின் பொருளே மாறிவிடுகிறது!)

இந்த மண்ணிலேயே பிறந்த பாட்டிக்கு ஏன் சிவப்பு? 1957 ஆகஸ்ட் 31-ஆம் தேதியும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குத்தான் பிறப்பு ஒன்றே போதும் என்ற விதி வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில், 1948-இலும் 1952-இலும் வந்த விதிகளால் தாமாகவே குடியுரிமை பெறாதவர்கள் மனுப் போட்டு வாங்க வேண்டியிருந்தது. மனு என்றால் பாரம், படம், சாட்சி, பிறந்த ஆதாரம், மலாய்மொழி அறிவு. சுதந்திரம் கிடைத்த முதல் ஓராண்டுக்கு மொழித் தேர்வில் பலருக்குச் சலுகைகூட இருந்தது. ஆனால் தோட்டத்து லயத்தில் அதை யார் வந்து சொன்னார்கள்? பட்டணம் போனால் ஒரு நாள் பேர் விழாது. "ஒரு நாள் கூலி போனா ஒரு வாரம் கஞ்சிதான்" என்கிறார் பாட்டி. பிறந்ததற்கான காகிதமும் அவர் அப்பா எடுத்து வைக்கவில்லை. கையில் ஏதோ ஒரு கார்டு இருக்கிறது, அது போதும் என்று இருந்துவிட்டார்கள்.

போதவில்லை என்பது 1969-இல் தெரிந்தது. அந்த ஆண்டு மே 13 கலவரத்துக்குப் பின், 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுக்கமாக நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். இருபது முப்பது ஆண்டு மரம் சீவியவர்கள், சீவிய அதே மரத்தைத் தொட அனுமதிச் சீட்டுக்கு நின்றார்கள். ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் அக்காலத்தில் நாட்டை விட்டுப் போனதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பாட்டியின் மூத்தார் குடும்பமும் அதில் ஒன்று. போனவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் எங்கோ இருந்தார்கள், இரண்டு தீபாவளிக்குக் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை.

சிவப்புக் கார்டை ஒன்றுக்கும் உதவாதது என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டு இல்லை, மலேசியக் கடப்பிதழ் இல்லை, அரசாங்க உதவிகள் பலவற்றுக்கு வரிசையிலேயே நிற்க முடியாது. உண்மை. ஆனால் பாட்டியின் இரண்டு பிள்ளைகளைப் பாருங்கள். மூத்தவர் 1960-இல் பிறந்தார்; இந்த மண்ணில் பிறந்ததே போதும், குடிமகன். இளையவர் 1964. இடையில், 1962-இல் விதி மாறிவிட்டது. பிறந்தால் மட்டும் போதாது, தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். இளையவருக்கு நீலக் கார்டு கிடைத்தது தாயின் சிவப்புக் கார்டால்!

2018-இல் 60 வயதைக் கடந்த சிவப்புக் கார்டு இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கும் திட்டத்தை அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் அறிவித்தார். பேரன் பாட்டியை அழைத்துப் போகத் தயாராக இருந்தான். பாட்டி எழுந்திருக்கவில்லை. "இனிமே எனக்கு என்னத்துக்குடா? ஓட்டுப் போட்டு நான் என்ன பண்ணப் போறேன்?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். எழுபத்தைந்து வயதில் ஒருவர் அப்படிச் சொன்னால் அது அலட்சியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இளம் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 அக்டோபர் 17-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நெடுநாள் மறுக்கப்பட்டிருந்த உரிமையைத் தந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். அதே திருத்தத்தில், இங்கே பிறக்கும் குழந்தைக்குத் தாய் அல்லது தந்தை நிரந்தரவாசியாக இருந்தால் போதும் என்றிருந்த சொல்லும் எடுக்கப்பட்டது. பாட்டியின் இளைய மகனை 1964-இல் காப்பாற்றிய சொல் அதுதான். ஏற்கெனவே பிறந்தவர்களை இது பாதிக்காது. ஆயினும் வீட்டில் இன்னும் சிவப்புக் கார்டில் இருக்கும் இளவயதுப் பெண்ணோ ஆணோ இருந்தால், குடியுரிமை மனுவை நாளை என்று தள்ளிப்போட வேண்டாம். காகிதமே இல்லாதவர்களுக்கு டிரா மலேசியா போன்ற அமைப்புகள் பாரம் நிரப்ப உதவுகின்றன, அப்படிப்பட்டவர்களிடம் போங்கள். காப்பிக் கடையில் 'எனக்கு ஆள் தெரியும்' என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

தெங்கு கிளானா சாலையில் தோசையும் காப்பியும் முடித்துக்கொண்டு இரயில் நிலையத்துக்கு நடந்தோம். பூக்கடை, புடவைக் கடை, நகைக்கடை என்று அந்தத் தெரு எப்போதும் திருவிழாத் தெருதான். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்; இன்று இரயிலைப் பிடிப்போம்.

கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்து இரயில் முதலில் ஓடியது 1886-இல். இன்று மின்சார இரயில், குளிரூட்டிய பெட்டி, பெண்களுக்குத் தனிப் பெட்டியும் உண்டு. சன்னல் ஓரம் இடம் கிடைத்தால் வெளியே பாருங்கள். பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று ஊர்ப் பெயர்கள் வரும். மாடி வீடுகள், தொழிற்சாலைகள், பேரங்காடிகள். ஷா ஆலாம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்து நிலத்தில். சுபாங் ஜெயா சீபீல்ட் தோட்டத்து நிலத்தில். "சார், எங்க தாத்தா இங்கதான் எங்கியோ பால் வெட்டுனாராம்" என்றான் பையன், ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தைக் காட்டி. எங்கே என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் ஆகாய விமானத் தளம்போல் ஒரு நிலையம். 2001-இல் திறந்தது. அந்த இடம் முன்பு மலாயா இரயில்வேயின் தண்டவாளக் களம். படிக்கட்டு இறங்கித் துன் சம்பந்தன் சாலைக்கு வந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் கோலாலம்பூர் தீப்பிடித்து எரிந்த பின், அத்தாப்புக் கூரை வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று உத்தரவாயிற்று. செங்கல் சூளைகள் இங்கே எழுந்தன. பெயரும் அப்படி வந்ததுதான். சாலைக்குப் பெயர் தந்த துன் சம்பந்தன், வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960-இல் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இரயில்வே வந்ததும் கணக்கெழுத ஆள் வேண்டியிருந்தது. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்களை ஆங்கிலேயர் வரவழைத்தார்கள். அவர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸில் அரசாங்கக் குடியிருப்பு. ஸ்காட் சாலையில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் நல்லூரை நினைவுபடுத்தும். 1904-இல் கட்டிய விவேகானந்தர் ஆசிரமம் இன்றும் சாலையோரத்தில் நிற்கிறது. 2016-இல் அது பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டது.

நம்மவர் சிலர் யாழ்ப்பாணத்தாரை நினைத்தால் கிராணியை நினைத்துப் பல்லைக் கடிப்பார்கள். பெரட்டுக் களத்தில் பேர் போடாமல் திருப்பி அனுப்பிய பழைய கதைகள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தென்னந்தோப்பை அடகு வைத்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஆங்கிலம் வாங்கிக் கொடுத்த தகப்பன்மார் அவர்கள். அந்தப் பிள்ளை கப்பலேறும்போது பெட்டியில் ஒரு சான்றிதழ் இருந்தது. அதே கடலை வேறொரு கப்பலில் கடந்த நம் பாட்டனிடம் கங்காணி கொடுத்த முன்பணக் கடன் இருந்தது. ஒருவருக்கு ஓட்டு வீடும் பென்ஷனும், மற்றவருக்கு லயம். சுதந்திரத்துக்கு முன் குடியுரிமை பற்றிப் பேச 1949-இல் அமைந்த சமூகத் தொடர்புக் குழுவின் தலைவராக இருந்தவரும் யாழ்ப்பாணத் தமிழர்தான், துரைசிங்கம். காகிதத்தின் அருமை தெரிந்தவர்கள் காகித விவகாரத்தில் முன்னால் நின்றார்கள்.

1953-இல் மலாயா தன் கதவை இன்னும் சாத்தியது. புதிதாக வர விரும்புகிறவர் தனித் தேர்ச்சி உள்ளவராகவோ, இங்கிருப்பவருக்கு மிக நெருங்கிய உறவினராகவோ இருக்க வேண்டும். உலகம் முழுக்க அந்தக் காற்றுத்தான். கனடா 1967-இல் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் முறையைத் தொடங்கியது. வெள்ளையர் மட்டும் என்றிருந்த ஆஸ்திரேலியா 1973-இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டு, பிறகு அதுவும் புள்ளிக் கணக்குக்கு வந்தது. தோல் நிறத்தைப் பார்ப்பதைவிடப் பரீட்சை மார்க் பார்ப்பது மேல் அல்லவா? வாத்தியாரான எனக்கு மார்க் என்றால் கொஞ்சம் பிடிக்கும்.

ஆகவே பையனின் கணக்கைப் பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றில் வாழையிலைச் சாப்பாடு ஆனபிறகு, மேசை துடைத்த ஈரம் காயுமுன் போட்டுப் பார்த்தோம். ஆஸ்திரேலியாவுக்கு, யாருடைய ஆதரவும் இல்லாமல் தன் தொழிலைக் காட்டி விண்ணப்பிக்க, குறைந்தது 65 புள்ளி. வயது 45-ஐத் தாண்டியவருக்கு வழி இல்லை. 25 முதல் 32 வரைக்கும் 30 புள்ளி. பையனுக்கு 30. தொழிற்சான்றிதழை அங்குள்ள தொழில் அங்கீகார அமைப்பு ஏற்றுக்கொண்டால் 10. கல்யாணம் ஆகாதவருக்கு 10. (இதைக் கேட்டதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவன் அம்மாவுக்குத் தெரிந்தால் என்னைச் சும்மா விடமாட்டார்.) வெளிநாட்டு வேலை அனுபவம் மூன்று ஆண்டு என்றால் 5, ஐந்து ஆண்டு என்றால் 10, எட்டு ஆண்டு என்றால் 15.

இங்கேதான் சிக்கல். பையன் வெல்டிங் செய்வது ஆறு ஆண்டாக. முதல் இரண்டு ஆண்டு ஒரு சிறிய பட்டறையில். சம்பளம் கையில் கொடுத்தார்கள், சேமநிதி கட்டவில்லை, சம்பளச் சீட்டும் இல்லை. அடுத்த நான்கு ஆண்டு ஒழுங்கான கம்பெனி. சேமநிதிக் கணக்கில் மாதாமாதம் பதிவு இருக்கிறது. ஆக ஆறு ஆண்டு நெருப்பில் நின்றவனுக்குக் காகிதத்தில் நான்கு ஆண்டுதான். புள்ளி 10 அல்ல, 5. மொத்தம் 55.

மிச்சத்தை ஆங்கிலம் தர வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நான்கு பகுதியிலும் 6 வாங்கினால் விண்ணப்பிக்கலாம், ஆனால் புள்ளி ஒன்றும் கிடையாது. 7 வாங்கினால் 10, 8 வாங்கினால் 20. ஏழு வாங்கினால் 65, வாசற்படியைத் தொட்டாயிற்று. தொட்டால் மட்டும் போதாது. கூடுதல் புள்ளி உள்ளவர்களைத்தான் முதலில் அழைப்பார்கள். அப்போது கண்ணில் பட்டது இன்னொரு வரி. ஆங்கிலத்துக்கும் ஒரு சமூக மொழிக்கும் இடையே மொழிபெயர்த்துப் பேசும் தேர்வில் தேறினால் 5 புள்ளி. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு இனி என்னிடம் ஒரு எண் இருக்கிறது. பையன் சிரித்தான். "சார், நீங்க அன்னிக்கு அடிச்சது அஞ்சு மார்க்குக்கா?" என்றான்.

அவனிடம் இருக்கும் தொழிற்சான்றிதழ்கூட வகுப்பில் உட்கார்ந்து வாங்கியதல்ல. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை, வேலை அனுபவத்தைக் காட்டியும் வாங்கலாம். அந்த வழிக்குப் பி.பி.டி. என்று பெயர். செய்த வேலையின் படங்கள், முதலாளியின் கடிதங்கள், சாட்சியங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டி மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். அவர் கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார். தோட்டத்து டிராக்டர் பட்டறையில் பத்து ஆண்டு கிடந்து எழுந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் இது தெரியாமலே 'படிக்காதவன்' என்ற பெயரோடு திரிகிறார்கள்! ஆஸ்திரேலியா இருக்கட்டும், இங்கே ஷா ஆலாமில் சம்பளம் கூட வேண்டுமென்றாலும் அந்தச் சான்றிதழ் வேண்டும்.

வெளிநாட்டு வேலை, நிரந்தர வசிப்பு என்று பலகை தொங்கவிட்ட மாடி அலுவலகங்கள் பட்டணத்தில் இல்லாத மூலை இல்லை. எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் அப்படி ஒரு ஏஜெண்டிடம் 8,000 வெள்ளி கொடுத்தான். தாயாரின் சங்கிலி போயிற்று. ஒரு ஆண்டு கழித்துப் போனால் பலகையும் இல்லை, ஆளும் இல்லை. ஆஸ்திரேலியாவில் குடியேற்ற ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பு உண்டு. பதிந்தவர் பெயரை யாரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் அந்நாட்டுக்கு வெளியிலிருந்து வேலை செய்பவர் பதிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான். இன்னொன்று: எந்த ஏஜெண்டும் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டித் தர முடியாது. வயதும் சான்றிதழும் ஆங்கிலமும் உங்களுடையவை. விண்ணப்பத்தை நீங்களே போடலாம். கட்டணம் மட்டும் ஆஸ்திரேலிய வெள்ளியில் 4,000-க்கு மேல். மனு தள்ளுபடியானாலும் திரும்பாது. அதனால்தான் புள்ளியை முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

சான்றிதழ் நகல் எடுக்கப் போன வழியில் ஒரு நகைப் பட்டறையில் பேச்சுக் கொடுத்தேன். உள்ளே ஊதுகுழலோடு குனிந்திருந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், பரம்பரைப் பத்தர். அவர் கையில் இருந்த கம்மலின் வேலைப்பாட்டை மூக்குக் கண்ணாடி போட்டும் என்னால் முழுக்கப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவர் இங்கே தற்காலிகத் தொழிலாளி. அந்தப் பெர்மிட்டைப் பத்து ஆண்டு வரை புதுப்பிக்கலாம், விசேஷ நீட்டிப்புக் கிடைத்தால் இன்னும் சில ஆண்டு. மனைவி மக்களை அழைத்து வர முடியாது. எத்தனை ஆண்டு இருந்தாலும் அது நிரந்தர வசிப்பில் கொண்டுபோய் விடாது. முடிதிருத்தகம், நகைத்தொழில், துணிக்கடை ஆகிய மூன்றுக்கும் புதிய ஆட்களை எடுப்பது 2009-இல் முடக்கப்பட்டு, 2023-இல் திறக்கப் போவதாக அறிவிப்பு வந்ததே, அந்த மூன்றில் ஒன்று இவர் தொழில்.

நம் நாடும் தேர்ச்சியுள்ளவருக்கு நிரந்தர வசிப்புத் தருகிறது. குடிநுழைவு இலாகாவின் விதிப்படி, பெயர் பெற்ற நிபுணர், இலாகா ஒன்று சான்று சொல்லும் தொழிலறிஞர், வங்கியில் 20 லட்சம் அமெரிக்க வெள்ளி போட்டுவைக்கும் செல்வர், குடிமக்களை மணந்தவர் என்று வகைகள் உண்டு. 120-க்கு 65 புள்ளி எடுக்கும் வழியும் உண்டு. பத்தரின் பேர் எந்த வகையிலும் விழவில்லை. "எனக்கு இங்க ஒம்பது வருஷம் ஆச்சுங்க" என்றார் அவர். "மூத்தவ பெரிய மனுஷி ஆனதைப் போன்லதான் பாத்தேன்." மேலே ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

பையன் வெளியே வந்ததும் கேட்டான்: "சார், இவருகிட்ட இருக்கிற வேலையில பாதி எனக்குத் தெரியாது. எனக்குக் குடுக்கிறான், இவருக்கு ஏன் குடுக்கல?" ஆஸ்திரேலியாவின் பட்டியலில் 'முதல்தர வெல்டர்' என்று ஒரு வரி இருக்கிறது; நம் பட்டியலில் பத்தர் என்ற வரி இல்லை, அதுதான் காரணம் என்றேன். அவன் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை.

நான் இந்தப் பையனை அனுப்பத் துடிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாட்டி எண்பது ஆண்டு காத்தும் கிடைக்காத நீலக் கார்டு இவன் சட்டைப் பையில் பிறந்த நாள் முதல் இருக்கிறது. அங்கே நிரந்தரவாசி ஆனால் அது பறிபோகாது. ஆனால் பின்னாளில் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இதை விட்டுவிட வேண்டும். இரட்டைக் குடியுரிமைக்கு நம் சட்டத்தில் இடமில்லை. அதை அப்போது அவன் யோசிக்கட்டும். இப்போதைக்கு அவன் விரும்புவது, வருமானம் நிறைந்த ஒரு வேலையும், அதைச் செய்ய யாரிடமும் ஆண்டுதோறும் அனுமதி கேட்க வேண்டாத ஒரு நிலையும். அதை ஆசைப்படாதே என்று சொல்ல நான் யார்?

மாலை இரயிலில் கிள்ளான் திரும்பிப் பாட்டியின் காகிதங்களைக் கொடுக்கப் போனோம். சிவப்புக் கார்டை உறைக்குள் வைத்து, திருநீற்றுப் பொட்டலத்தையும் எண்ணி வைத்துக்கொண்டபின், பாட்டி பேரனிடம் கேட்டார்: "அங்க என்ன கலருல கார்டு குடுப்பாங்க?"

"கார்டே கெடையாது பாட்டி. எல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருவாங்க."

உண்மைதான். கடப்பிதழில் விசா ஒட்டுவதைக்கூட ஆஸ்திரேலியா 2015-இல் நிறுத்திவிட்டது. பாட்டி என்னைப் பார்த்தார். "என்ன சார் இது, கையில ஒண்ணும் குடுக்காத ஊரை எப்படி நம்பிப் போறது?" என்றார். அதற்குப் பையன் ஏதோ சொல்லிச் சிரித்தான். நான் கோப்பை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு ஆண்டு வேலை செய்த சிறிய பட்டறையிலிருந்து ஒரு கடிதம் கேட்டிருக்கிறோம். அது வந்தால் ஆறு ஆண்டையும் காட்டிப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.